எண்ணெய்க்கு அப்பால் – 9: கரும்பு குடித்த கார்கள்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடியபோது பணக்கார நாடுகள் பட்ட பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றைவிட மோசமாக மாட்டிக்கொண்ட நாடு ஒன்று உண்டு. பிரேசில்! தனக்குத் தேவையான எண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அது வெளியில் வாங்கிக்கொண்டிருந்தது. பீப்பாய் 3 டாலருக்குக் கிடைத்த எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்க, ஏற்றுமதியில் சம்பாதித்த டாலரை எல்லாம் எண்ணெய் விழுங்க ஆரம்பித்தது.

போதாக்குறைக்கு இன்னொரு தலைவலி. 1974 இறுதியில் உச்சத்துக்குப் போன உலகச் சர்க்கரை விலை, 1975-ல் தலைகுப்புற விழுந்தது. கரும்பாலை முதலாளிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போது அங்கே ராணுவ ஆட்சி. அதிபர் எர்னஸ்டோ கெய்செல் இரண்டுக்கும் ஒரே மருந்தாக 1975 நவம்பர் 14 அன்று ‘புரோஆல்கூல்’ திட்டத்தை அறிவித்தார். கரும்பிலிருந்து எத்தனால் எடுத்து வண்டி ஓட்டும் திட்டம். வேடிக்கை என்னவென்றால், அதிபராவதற்கு முன் அவர் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸின் தலைவராக இருந்தவர். புவி வெப்பமாதல் பற்றிய கவலையெல்லாம் அந்த முடிவில் இல்லை. டாலரை மிச்சம் பிடிக்க வேண்டும், ஆலைகளைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பெட்ரோலில் எத்தனாலைக் கலந்து விற்றார்கள். 1979-ல் ஈரான் புரட்சியால் எண்ணெய் விலை மறுபடியும் எகிறியதும் துணிந்து அடுத்த அடி வைத்தார்கள்: முழுக்க எத்தனாலிலேயே ஓடும் கார். சாவோ ஜோஸே தோஸ் காம்போஸ் நகரிலுள்ள விமானப்படை ஆய்வு மையத்தில் உர்பானோ ஸ்டும்ஃப் என்ற பொறியாளரின் குழு அதற்கான அடிப்படை வேலைகளை ஏற்கெனவே முடித்து வைத்திருந்தது. அந்த ஆண்டே ஃபியட் 147 விற்பனைக்கு வந்தது. எத்தனால் உலோகத்தை அரிக்கும் என்பதால் கார்புரேட்டருக்குப் பாதுகாப்புப் பூச்சு தேவைப்பட்டது. குளிர்ந்த காலையில் எத்தனால் சட்டென்று பற்றாது. அதற்காக பானெட்டுக்கு அடியில் குட்டியாக ஒரு பெட்ரோல் டேங்க். வண்டி கிளம்ப மட்டும் அதிலிருந்து கொஞ்சம் பீய்ச்சும். புகையில் அவ்வூர்க் கரும்புச் சாராயமான கஷாசாவின் வாடை அடித்தது.

அரசு எத்தனால் விலையைப் பெட்ரோல் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் பிடித்து வைத்தது. கார் வாங்குவோருக்கு வரிச் சலுகை, ஆலைகளுக்கு மலிவு வட்டியில் கடன். பலன்? 1986 வாக்கில் பிரேசிலில் விற்ற புதிய கார்களில் 90 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கார்கள்.

அதே 1986-ல் உலக எண்ணெய் விலை சரிந்தது. மானியம் கொடுத்து அரசுக்கு மூச்சு வாங்கியது. சில வருடங்களில் சர்க்கரை விலை ஏற, ஆலைகள் லாபம் கிடைத்த பக்கம் திரும்பிக்கொண்டன. 1989 இறுதியில் பங்க்குகளில் எத்தனால் தட்டுப்பாடு. உலகுக்கே வழிகாட்டிய நாடு வெளியிலிருந்து எத்தனாலை இறக்குமதி செய்தது. வரிசையில் காத்துக் கிடந்த கார்க்காரர்களால் பெட்ரோலும் போட முடியாது; அந்த எஞ்சின் எத்தனால் ஒன்றுக்கே ஆனது. பட்டது போதும் என்று மக்கள் ஒதுங்கினார்கள். 1990-களின் பிற்பாதியில் புதிய எத்தனால் கார் விற்பனை கிட்டத்தட்ட பூஜ்யம்.

எஞ்சின் தோற்கவில்லை, கரும்பும் காய்ந்துபோகவில்லை. எண்ணெய் வியாபாரியின் பிடியிலிருந்து விடுபடப்போன மக்களை ஆலை முதலாளியின் பிடியில் விட்டதுதான் கோளாறு.

அந்தக் கோளாறுக்குத் தீர்வு 2003 மார்ச்சில் வந்தது. ஃபோக்ஸ்வாகன் ‘கோல்’ காரின் புதிய ரகத்துக்குப் பெட்ரோலும் சம்மதம், எத்தனாலும் சம்மதம், எந்த விகிதத்தில் கலந்தாலும் சம்மதம். இதற்கு விலையுயர்ந்த தனி சென்சார்கூட வைக்கவில்லை. புகைக்குழாயில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து, டேங்கில் என்ன கலவை இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணித்துவிடும். அதற்கேற்ப எரிபொருளையும் தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளும்.

முடிவு, பங்க்கில் நிற்பவர் கைக்கு வந்தது. எத்தனாலில் சக்தி சுமார் 30 சதவீதம் குறைவு. ஆகவே அதன் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் எத்தனால், தாண்டினால் பெட்ரோல். பிரேசில் ஓட்டுநர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். சில ஆண்டுகளிலேயே புதிய கார்களில் பெரும்பாலானவை இந்த ரகமாகிவிட்டன.

இதற்கு வேறு சிலர் விலை கொடுத்தார்கள். அறுவடைக்கு முன் வயலைக் கொளுத்தி, கரிக்கு நடுவே, வெட்டிய டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தொழிலாளர்கள். ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பத்து லிட்டருக்கு மேல் மிஞ்சும் ஆலைக் கழிவைச் சுமந்த ஆறுகள். பின்னர் இயந்திர அறுவடை வந்தது. கழிவு வயலுக்கே உரமாகப் போனது. ஆனால் எத்தனாலால் மட்டும் பிரேசில் எண்ணெயிலிருந்து விடுபடவில்லை; லாரியும் பஸ்ஸும் டீசலில்தான் ஓடுகின்றன. பிரேசிலின் எண்ணெய் இறக்குமதியைப் பெரிதும் குறைத்தது, கடலடியில் பெட்ரோப்ராஸ் கண்டுபிடித்த எண்ணெய்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2025-ல் இந்தியா பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை எட்டியது. பிரேசிலின் பழைய சிக்கல்களும் கூடவே வந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் சர்க்கரை உற்பத்தி குறையும் என்று அஞ்சி, கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்புவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்துக்குத் திரும்ப, தீவன விலை ஏறிவிட்டதென்று நாமக்கல் கோழிப் பண்ணையாளர்கள் புலம்பினார்கள்.

இதையெல்லாம் சரிசெய்ய வழி இருக்கிறது. பிரேசில் கற்ற முக்கியமான பாடத்தைத்தான் நாம் இன்னும் படிக்கவில்லை. இங்கே பங்க்குக்குப் போகிறவர் கலவையைத் தேர்ந்தெடுக்க முடியாது. பழைய பைக் வைத்திருப்பவருக்கும் அதே கலவைதான். மைலேஜ் குறைந்தாலும் விலை குறைவதில்லை. மாற்று எரிபொருள் நிலைக்க வேண்டுமானால் அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் வாங்குபவருக்கு இருக்க வேண்டும். அந்த உரிமை கிடைத்த பிறகுதான் பிரேசிலில் எத்தனால் மறுபடி எழுந்தது.

அடுத்த வாரம்: எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை போட்ட டென்மார்க், காற்றை நம்பி இறங்கிய கதை. நம் முப்பந்தல் காற்றாலைகளுக்கும் அதில் பங்குண்டு.

(தொடரும்)