அரிசியில் ஒரு கேலி

கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த பிள்ளை, "ராத்திரி முழுக்க ரைஸ் பண்ணினேன்" என்றால், அடுப்பங்கரைக்கு ஓடாதீர்கள், சகோதரிகளே! திரையை அலங்கரித்தேன் என்கிறான், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களை 'அரிசி எரிக்கும் வண்டி' என்று இளக்காரமாகச் சொன்னார்கள். பிறகு, சாதாரணக் காருக்கு இறக்கையும் பட்டையும் ஒட்டிப் பந்தயக் கார் போல் ஜம்பமடிப்பவர்கள் 'ரைஸர்' ஆனார்கள்.

2002-ல் ஜென்டூ லினக்ஸின் முதல் பதிப்பு வந்தது. அப்போது புரோகிராம்களைப் பெரும்பாலும் அவரவர் கம்ப்யூட்டரிலேயே மூலத்திலிருந்து தயாரிக்க வேண்டியிருந்தது; பெரியவற்றுக்கு மணிக்கணக்கானது. இம்மியளவு வேகத்துக்காகக் கண் விழித்தவர்களையும் 'ரைஸர்' என்றே சிரித்தார்கள். (மிக்ஸி இருக்க அம்மியில் அரைக்கும் பாட்டியை நாம் சிரிக்கவில்லையா?)

இன்று அலங்காரப் பிரியர்கள் அந்தப் பெயரைப் பெருமையாகவே சூட்டிக் கொள்கிறார்கள். ஆசியர்களை இழித்துப் பிறந்த சொல்லாயிற்றே என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. சோறு தின்று வளர்ந்த எனக்கும் அது கல்லாகத்தான் நெருடுகிறது.