முனியறைகளும் மலைநாட்டு மக்களும்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு செல்வோர், இடுக்கி மாவட்ட எல்லையைக் கடந்து மலையேறினால் மறையூரை அடைவர். சந்தனக் காடுகளாலும் கரும்பு வெல்லத்தாலும் பெயர் பெற்ற ஊர் அது. ஆயினும் அவ்வூரின் மிகப் பழைய செல்வம், பாறைகளின்மேல் நிற்கும் சிறு கல்லறைகளே ஆகும். பக்கங்களில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த அமைப்புடையன அவை. முனிவர் தவம் செய்த இடம் என்று நம்பி, மக்கள் அவற்றை முனியறை என்பர். இறந்தோர்பொருட்டு இரும்புக் கால மக்கள் எழுப்பிய கல்திட்டைகள் என்பர் ஆராய்ச்சியாளர்.

இவற்றைக் காப்பது ஏன் இன்றியமையாதது? சாந்து ஏதுமின்றி, கல்லின் எடையாலேயே நிற்பவை இவை. பக்கக் கல் ஒன்றைப் பெயர்த்தால் மூடுகல் சரிந்துவிடும். புதையல் தேடித் தரையைத் தோண்டினாலோ மண்ணடுக்குகள் கலையும். அங்குள்ள பானை ஓடும் இரும்புத் துண்டும் எக்காலத்தவை என்று அறியும் வழி அடைபடும். விழுந்த கல்லை மீண்டும் நிறுத்தலாம். அழிந்த சான்றை மீண்டும் பெறுதல் இயலாது.

பழமையைக் காத்தால் வயிறு நிறையுமா என்று சிலர் வினவலாம். அண்மையிலேயே அதற்கு விடை உண்டு. சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் 1984-இல் அமைக்கப்பெற்றது. அக்காட்டினுள் நடந்து கல்திட்டைகளைக் காணச் செல்வோருக்கு, அங்கு வாழும் பழங்குடியினரே வழிகாட்டிகளாக உடன் செல்கின்றனர். தடமறிந்த அவர்தம் அறிவே அவர்களுக்கு ஊதியம் தருகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தையும் வருவோர் வாங்கிச் செல்வர். கல்லை உடைத்து விற்றால் கூலி ஒருமுறைதான். நிற்கவிட்டால் ஆண்டுதோறும் வருவாய் உண்டு.

எனினும், கூட்டம் பெருகுவதே காப்பாகிவிடாது. மூடுகல்மீது ஏறுவதும், கல்லில் பெயர் பொறிப்பதும் தடுக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு திட்டையையும் அளந்து பதிவு செய்தலும், காவற்பணியை உள்ளூராருக்கே அளித்தலும் நலம் பயக்கும். இருளரும் முதுகரும் குறும்பரும் வாழும் அட்டப்பாடியில், அகளி முதலான ஊர்களுக்கும் இம்முறை பொருந்தும். தன் உணவுக்கும் உதவுகின்ற கல்லை எவரும் எளிதில் உடைக்க விடமாட்டார் அன்றோ?