மீண்டும் துவிச்சக்கர வண்டியில்

ஒருமுறை பழகிய வித்தை ஒருபோதும் மறவாது என்பர் பெரியோர். அஃது எந்த அளவுக்கு உண்மை என்பதை எமது நாற்பத்திரண்டாம் வயதில், ஓர் ஒழுங்கை முகப்பில், முழங்கால் தோலை விலையாகக் கொடுத்து நாம் கற்றுக்கொண்டோம். அப்பாடத்தை வாசகர்களோடு, சிறப்பாக மாணவர்களோடு, பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாடு துவிச்சக்கர வண்டிக்கென்றே படைக்கப்பட்டது போன்ற பூமி. சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த சமநிலம். ஏறி இளைக்க மலையில்லை. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடையும் வந்தபின், பெற்றோல் மருந்துக்கும் கிடையாத பொருளாயிற்று. மோட்டார் வண்டிகள் சில, சிறிது பெற்றோலால் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடின. விறகு, நெல்மூடை, நோயாளி முதலிய மற்றெல்லாவற்றையும் துவிச்சக்கர வண்டியே சுமந்தது. பற்றரி கிடையாத அக்காலத்தில், வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி மிதிக்க, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி பேசிற்று. செய்தி கேட்பவர் எம் தந்தையார். மிதிப்பவர் பத்து வயதுச் சிறுவராகிய நாம். எம் கால் தளர்ந்தால் செய்தியும் தளரும். உடனே, “தம்பி, மிதி!” என்று குரல் வரும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, தந்தையாரின் அந்தப் பழைய றலி வண்டியே எம் குடும்பத்தைச் சுமந்தது. கரியரில் அம்மம்மா, பாரில் துணி மூடை, காண்டிலில் சட்டி பானை. தந்தையார் உருட்ட, நாம் பின்னால் பிடித்து வந்தோம். மழையிலும் இருளிலும் நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடிவைத்த இலட்சக்கணக்கானோர் நடுவே, அன்று அவ்வண்டியில் எவரும் ஏறி மிதிக்கவில்லை. ஆயினும் அது எம்மைக் கைவிடவில்லை.

2002ஆம் ஆண்டு ஏ9 பாதை திறந்தது. ஊரெங்கும் மோட்டார் சைக்கிள்கள் பெருகின. நாமும் ஒன்று வாங்கினோம். றலி வண்டி பத்திக்குள் சென்றது. தந்தையார் மட்டும் ஆண்டுதோறும் ஆயுதபூசையன்று அதற்கு எண்ணெயிட்டுச் சந்தனம் சாத்துவார். “பழைய இரும்புதானே ஐயா, விற்றுவிடுவோமே” என்று ஒருமுறை கூறினோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. துணியை எடுத்து மீண்டும் துடைத்தார். அவர் மறைந்தபின் அந்த எண்ணெயும் சந்தனமும் நின்றுபோயின.

2022ஆம் ஆண்டு வந்தது. யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய். அதுவும் அத்தியாவசிய சேவைகளுக்கே என்றாயிற்று. பின்னர் கியூ.ஆர். அட்டை முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றனர். வரிசையில் நின்று சலித்த நாம் பத்தியைத் திறந்தோம். ரயரும் ரியூபும் உக்கியிருந்தன, செயின் துருவேறியிருந்தது. திருத்துபவர் வண்டியைத் தட்டிப்பார்த்து, “உடம்பு நல்லாயிருக்கு மாஸ்ரர்” என்றார். எம் உடம்பைச் சொல்லவில்லை என்பது மறுநாளே விளங்கிற்று.

ஏறியவுடன் வண்டி நேராகவே ஓடிற்று. ஆனால் பட்டினம் நோக்கித் திரும்பியதும் சோளகக் காற்று மார்பில் கைவைத்துத் தள்ளியது. இருபது ஆண்டுகளாக அதே வீதியில் சென்றும், இக்காற்றுக்கு இத்தனை பலம் உண்டென நாம் அறிந்திருக்கவில்லை. அதன் விலையை இதுவரை பெற்றோலே கொடுத்து வந்தது. ஒழுங்கையிலிருந்து ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. உடனே எம் வலக்கால் பலமாக அழுந்தியது. மோட்டார் சைக்கிளில் அவ்வாறு அழுத்தினால் வண்டி நிற்கும். துவிச்சக்கர வண்டியிலோ முன்னே பாயும்! ஆடு தப்பியது, வேலியும் நாமும் தப்பவில்லை. எம்மைத் தூக்கிவிட்ட மாணவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சேர், பிறேக் கையிலை இருக்கு” என்றான்.

எம் உடல் பழைய வித்தையை மறக்கவில்லை. உடலின் நினைவு வேறு, மனத்தின் நினைவு வேறு என்பதை அறிவியலும் கூறுகின்றது. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக மூளையில் சத்திரசிகிச்சை பெற்ற ஹென்றி மொலேசன் என்பார், அதன்பின் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவிற் கொள்ள இயலாதவரானார். பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர், கண்ணாடியில் பார்த்தபடியே ஒரு நட்சத்திர உருவை வரையும் பயிற்சியை அவருக்கு நாள்தோறும் கொடுத்தார். முன்னர் வரைந்ததாக அவருக்கு நினைவே இல்லை. ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது.

அப்படியாயின் நாம் வீழ்ந்தது ஏன்? பழைய வித்தையின்மேல் புதிய வித்தை குடியேறியிருந்ததே காரணம். பனி பெய்யும் நாடுகளில் குடியேறிய எம்மவரின் பிள்ளைகளும் இதனை அறிவர். காலுக்கொன்றாக இரு மட்டைகளில் முன்னோக்கிச் சறுக்கப் பழகியவர்கள், பின்னர் இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துப் பக்கவாட்டில் நின்று சறுக்கப் பழகுவர். பல்லாண்டு கழித்து மட்டைக்குத் திரும்பினால், தனித்தனியே இயங்கவேண்டிய கால்கள் இன்னும் பிணைந்திருப்பதாகவே எண்ணித் தடுமாறும். மீண்டு வருபவன் தன்னைத் தேர்ந்தவனாகக் கருதினால் வீழ்வான். மாணவனாக வந்தால், பழைய தேர்ச்சி சில நாட்களிலேயே துணைக்கு வரும். எமக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது.

பின்னர் பெற்றோல் வரிசை மறைந்தது, கியூ.ஆர். முறையும் 2023இல் நீங்கிற்று. தூரப் பயணத்துக்கு மோட்டார் சைக்கிளையே எடுக்கின்றோம். கல்லூரிக்கும் கோயிலுக்கும் றலி வண்டியிலேயே செல்கின்றோம். மெதுவாகச் செல்வதால், வழியிற் காணும் முதியோரை நின்று சுகம் விசாரிக்கவும் நேரம் கிடைக்கின்றது.

மாணவர்களே, புதியதைக் கற்பதற்குத் தயங்காதீர்கள். ஆனால், பழையதைப் பத்தியில் வைக்கும்போது எண்ணெயிட்டு வையுங்கள். சென்ற ஆயுதபூசையன்று றலி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எம் மகள் வந்து, “இது ஆற்றை சைக்கிள் அப்பா?” என்று கேட்டாள். “அப்பப்பாவினுடையது” என்றோம். அவளே சந்தனத்தை எடுத்துச் சாத்தினாள்.