சங்கின் மேல் ஒட்டிய சொந்தம்

முதுகெலும்பே இல்லாத ஹெர்ட்மேனியாவை நமக்கு உறவு என்று புத்தகம் எப்படிச் சொல்கிறது? சாத்தான்குளத்து மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே, மன்னார் வளைகுடாவில் கிடக்கிறது. சங்கு குளிப்பவர்கள் எடுத்துவரும் சங்குகளில் சிலவற்றின் ஓட்டில், இளஞ்சிவப்பாகத் தடித்த தோலோடு ஒரு பிண்டம் ஒட்டியிருக்கும். அதுதான் ஹெர்ட்மேனியா.

பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பைக்கு இரண்டு வாய் வைத்தாற்போல் இருக்கும். ஒரு வாயால் கடல்நீரை இழுத்து, மிதவை உயிர்களை வடிகட்டித் தின்றுவிட்டு, மறுவாயால் வெளியே விடும். தொட்டால் தண்ணீர் பீய்ச்சும். அதன் இதயமோ சற்று நேரம் ஒரு பக்கமாக ரத்தத்தைத் தள்ளி, நின்று, பிறகு எதிர்ப்பக்கமாகத் தள்ளும்! இந்த இனத்தையே ஒரு காலத்தில் சிப்பி, நத்தைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள்.

1866இல் ரஷ்ய விலங்கியலாளர் அலெக்சாண்டர் கவலேவ்ஸ்கி இவற்றின் முட்டை வளர்வதைக் கவனித்து எழுதினார். பொரித்து வரும் குஞ்சு தலைப்பிரட்டையைப் போல வாலாட்டி நீந்துகிறது. வாலுக்குள் முதுகுநாண், அதன் மேல் குழலாக நரம்புத்தண்டு. நாமும் கருவில் இதே நாணோடுதான் வளர்கிறோம். பிறகு முதுகெலும்பு அதன் இடத்தைப் பிடிக்கிறது. எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகளின் மெத்தென்ற உட்பகுதி அந்த நாணின் வழி வந்தது.

குஞ்சின் நீச்சல் சில மணி நேரம்தான். தலையால் எதையாவது பற்றிக்கொண்டதும் வால் உள்ளிழுத்துக் கரைகிறது. நாண் போகிறது. நரம்புத்தண்டும் போய், ஒரு சிறு முடிச்சு மிஞ்சுகிறது. உறவுக்கான அத்தாட்சியை இளமையில் மட்டும் காட்டிவிட்டு, பிறகு ஆயுள் முழுக்க அங்கேயே இருந்துவிடுகிறது. ஈட்டிவடிவ ஆம்பியாக்சஸ்தான் முதுகெலும்பிகளுக்கு நெருங்கிய சொந்தம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். 2006இல் வெளியான மரபணு ஒப்பீடு அந்த இடத்தை இந்த இனத்துக்குக் கொடுத்தது.

பெயரிலும் நம் கடல் இருக்கிறது. 1902இல் முத்துப் படுகைகளை ஆராய இலங்கைக்கு வந்த லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மேனின் பெயர்தான் அது. 1936இல் எஸ்.எம். தாஸ் இதைப் பற்றித் தனிநூலே எழுதினார். அதன்பின் இந்தியக் கல்லூரிகளெங்கும் இது பாடமானது.

ஆனால் பெரும்பாலான மாணவர்கள் பார்ப்பது ஃபார்மலின் ஜாடியில் வெளுத்துப்போன ஒன்றைத்தான். கடற்கரை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது நியாயமே இல்லை. சுரண்டி எறிவதற்கு முன் ஒரு சங்கைக் கடல்நீர் வாளியில் வைத்து, கை படாமல் சற்றுப் பொறுத்தால் இரண்டு வாய்களும் திறக்கும். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சாத்தான்குளத்து ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.