டேங்க் முழுக்க பாசியா? பாஸ்பேட்டைக் குறைங்க... ஆனா, பூஜ்ஜியமாக்காதீங்க!

பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி வெச்சிருக்கீங்களா? முந்தாநாள் துடைச்ச கண்ணாடி இன்னைக்கு மறுபடியும் பச்சையா இருக்கா? பாறையில முடி மாதிரி பாசி தொங்குதா? பாஸ்பேட் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடுங்க.

பாஸ்பேட் பெரும்பாலும் நீங்க போடுற தீனியிலிருந்துதான் வருது. மீன் தின்னது போக மிச்சமும் அதோட கழிவும் மட்கி தண்ணீர்ல சேருது. ஃப்ரோஸன் தீனியைக் கழுவிப் போட்டா போதும்னு சிலர் சொல்வாங்க. கழுவுங்க, தப்பில்லை. ஆனா, பெரும்பகுதி பாஸ்பேட் தீனிக்குள்ளேயேதான் இருக்கு. தண்ணீரை மாத்தலாமேன்னா, 20 சதவிகிதம் மாத்தினா குறையுறதும் அதே 20 சதவிகிதம்தான்.

அதனாலதான் ஃபில்டர் மீடியா. அதிகம் புழங்குறது ஜி.எஃப்.ஓ, அதாவது கிரானுலர் ஃபெரிக் ஆக்ஸைடு. துருப்பிடிச்ச குருணை மாதிரி இருக்கும். உண்மையில அதுவும் ஒரு வகை துருதான். தண்ணீர் ஓடும்போது பாஸ்பேட் அதோட மேற்பரப்புல ஒட்டிக்கும். குடிநீர்ல இருக்கிற ஆர்சனிக்கை நீக்கவும் இதே சரக்கைப் பயன்படுத்துறாங்க.

முதல்ல ஆர்.ஓ தண்ணீர்ல தூள் போகுற வரைக்கும் அலசுங்க. ரியாக்டர்ல போட்டா, மேல் அடுக்கு லேசா அசைஞ்சா போதும். வேகத்தைக் கூட்டினா குருணைகள் உரசித் தூளாகி டேங்க் பழுப்பாகிடும். ரியாக்டர் இல்லையா? வலைப்பையில கட்டி, தண்ணீர் ஓடுற இடத்துல வைங்க. வேலை கொஞ்சம் மெதுவா நடக்கும், அவ்வளவுதான்.

அவசரப்பட்டு டபுள் டோஸ் மட்டும் போட்டுடாதீங்க. பவளத்துக்கும் அதுக்குள்ளே வாழுற நுண்பாசிக்கும் கொஞ்சம் பாஸ்பேட் கட்டாயம் வேணும். அளவு சட்டுனு சரிஞ்சா பவளம் வெளுக்கும், சதை உரிஞ்சு செத்தும் போகலாம். பூஜ்ஜியத்துக்கே போயிட்டா, டைனோஃப்ளாஜெல்லேட்னு ஒண்ணு பழுப்புச் சளி மாதிரி மணல் மேல படர வாய்ப்பிருக்கு. அதை விரட்டுறதுக்கு பச்சைப் பாசியே தேவலாம்னு ஆகிடும். பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுல பாதியில ஆரம்பிங்க. வாரம் ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணுங்க. 0.03-லிருந்து 0.1 பி.பி.எம்-க்குள்ள நின்னா நல்லது. மீன் மட்டும் இருக்கிற தொட்டின்னா இவ்வளவு கறார் தேவையில்லை.

இன்னொண்ணு, பாசி மண்டிக் கிடக்கும். டெஸ்ட் பூஜ்ஜியம் காட்டும். கிட் மேல சந்தேகப்படாதீங்க. கரைஞ்சிருந்ததைப் பாசியே உறிஞ்சிருக்கும். அப்போ கையால பிடுங்கி எடுக்கிறதுதான் முதல் வேலை.

மீடியாவை எப்போ மாத்துறது? ரியாக்டர்லேருந்து வெளியே வர்ற தண்ணீரை டெஸ்ட் பண்ணுங்க. டேங்க்ல இருக்கிற அதே அளவு காட்டினா, மீடியா நிறைஞ்சாச்சு. பழைய தொட்டியில முதல் பாக்கெட் சில நாள்லயே தீர்ந்துபோகலாம். பாறையும் மணலும் இத்தனை நாளா சேர்த்து வெச்ச பாஸ்பேட், தண்ணீர்ல அளவு குறையக் குறைய வெளியே வரும். அதுக்குள்ள போலி மீடியான்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க!