கட்டுப்பாட்டறை களைத்தால் கரையோரம் தவிக்கும்

கிழக்குக் கரையோரக் கல்முனையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேர ஓர் இரவு முழுவதும் வேண்டும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் நிலைமை இதுதான். கத்தாருக்கும் சவூதிக்கும் வேலைக்குப் புறப்படுகிறவர்களும், உம்ராவுக்குப் போகும் வயதான உம்மா, வாப்பாமாரும் சொந்தபந்தங்களிடம் பயணம் சொல்லிவிட்டு வேனில் ஏறுகிறார்கள். விமானம் தாமதமானால் கொழும்புக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். நம் ஊரவருக்கு அது முடியாது. வந்த வேன் திரும்பிப் போயிருக்கும். விசாக் காலக்கெடு நெருங்கிக்கொண்டிருக்கும். கடன்பட்டு வாங்கிய டிக்கெட் என்னவாகுமோ என்ற பதற்றம் வேறு.

அதனால்தான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் தொழில் பிரச்சினையைக் கொழும்பு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருத்துவர்களும் பொறியியலாளர்களும் நாட்டைவிட்டுப் போனதுபோலவே இவர்களிலும் பலர் போனார்கள். ஆட்பற்றாக்குறை பற்றி அவர்களது சங்கம் 2023இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. புதிதாக ஒருவரைச் சேர்த்த கையோடு மைக்கைக் கொடுத்துவிட முடியாது. பயிற்சி, பரீட்சை, அனுமதிப்பத்திரம், மூத்தவரின் மேற்பார்வையில் வேலை என்று அது நீண்டுகொண்டே போகும்.

ஒருவர் மட்டும் விழித்திருந்த இரவு

ஓடுபாதையில் இறங்கவும் ஏறவும் அனுமதி கொடுப்பது விமான நிலையக் கோபுரம். நெருங்கி வரும் விமானங்களை வரிசைப்படுத்துவது இன்னொரு பிரிவு. உயரத்தில் பறப்பவற்றைக் கவனிப்பது இரத்மலானையிலுள்ள பிரதேசக் கட்டுப்பாட்டு நிலையம். இலங்கையின் பொறுப்பிலுள்ள வான்பரப்பு இந்து சமுத்திரத்தின் மேல் வெகுதூரம் விரிந்து, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் வான்பகுதியைத் தொடுகிறது. நம் நாட்டில் இறங்காமல் கடந்து போகும் விமானங்களும் இவர்கள் குரலைக் கேட்டே பறக்கின்றன.

இந்த வேலையில் ஆட்குறைவு எவ்வளவு ஆபத்தானது என்பதை 2002 ஜூலை 1ஆம் திகதி இரவு உலகம் கண்டது. ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ரஷ்யாவிலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகள். அந்த வான்பகுதிக்குப் பொறுப்பான சூரிச் நிலையத்தில் மற்றவர் ஓய்வுக்குப் போயிருக்க, ஒருவரே இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி இணைப்பும் பராமரிப்பு வேலையால் முடங்கியிருந்தது. எனவே கட்டுப்பாட்டாளர் கேட்கும் ஓய்வையும், ஓய்வு நேரத்தில் அவர் இடத்தில் இருக்க வேண்டிய ஆளையும் சலுகையாக நினைக்கக் கூடாது. அது பயணியின் உயிர்க்காப்பு.

தண்டித்து என்ன கண்டோம்?

ஓய்வும் ஆளும் கிடைக்காதபோது தொழிற்சங்கத்தின் கையில் மிஞ்சுவது பணிப்பகிஷ்கரிப்பு. 2025 ஜூலை 3, 4ஆம் திகதிகளில் பிரான்ஸ் கட்டுப்பாட்டாளர்கள் ஆட்பற்றாக்குறையையும் நிர்வாக முறையையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, ஐரோப்பாவில் ஏறத்தாழ 1,500 விமானப் பயணங்கள் ரத்தாயின.

அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 3ஆம் திகதி ஏறத்தாழ 13,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். 48 மணி நேரம் கெடு விதித்த ஜனாதிபதி ரீகன், திரும்பாத 11,000க்கும் அதிகமானோரை வேலைநீக்கம் செய்தார். அந்த இடங்களைத் தேர்ந்த ஆட்களால் நிரப்பப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்கு ஒரு வருடம் முன்பு நம் நாட்டிலும் இதுவே நடந்தது. 1980 ஜூலை பொது வேலைநிறுத்தத்தில் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் ஏறத்தாழ 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை இந்த நாடு இன்னும் மறக்கவில்லை.

உரிமையைப் பறித்தால் மாற்று வேண்டும்

1979ஆம் ஆண்டின் அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும், பணிப்பகிஷ்கரிப்பு குற்றமாகிவிடும். உயிரோடு தொடர்புடைய சேவை என்பதால் விமானக் கட்டுப்பாட்டில் வேலைநிறுத்தத்துக்குத் தடை விதிக்கலாம் என்று சர்வதேச தொழில் அமைப்பும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் அந்த அமைப்பு அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறது: இந்த உரிமையை எடுத்தால், பக்கச்சார்பற்ற, விரைவான நடுத்தீர்ப்பு முறையைத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும். நம் ஆட்சியாளர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். சமரசத்துக்கும் நடுத்தீர்ப்புக்கும் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தேவைப்படுவது, சண்டை முற்றுவதற்கு முன்பே அந்தக் கதவைத் திறக்கும் மனம்.

தடங்கலைத் தவிர்க்க முடியாதபோது முன்னறிவித்தல் எவ்வளவு உதவும் என்பதையும் நாம் அனுபவத்தில் அறிவோம். 2017 ஜனவரி 6 முதல் மூன்று மாதம், கட்டுநாயக்கவின் ஒரே ஓடுபாதை திருத்த வேலைக்காகத் தினமும் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை மூடப்பட்டது. முன்கூட்டியே சொன்னதால் விமான நிறுவனங்கள் நேர அட்டவணையை மாற்றின. பயணிகளும் அதற்கேற்பப் புறப்பட்டார்கள். தொழிற்சங்கங்களும் இதை மனதில் கொள்ள வேண்டும். நள்ளிரவில் திடீரென்று நிறுத்தினால் அந்த அடி முதலில் விழுவது அமைச்சர்மீது அல்ல, கல்முனையிலிருந்து வந்த பணிப்பெண்மீது.

இலங்கையின் அந்நியச் செலாவணியில் ஒரு பெரும்பங்கு வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம். அந்தப் பணத்தை ஈட்டுகிற கரையோரக் குடும்பங்களுக்கு மூன்றைக் கேட்க உரிமை உண்டு: கட்டுப்பாட்டறையில் போதிய ஆட்கள், பிணக்கு எழுந்தால் காலவரையறையுள்ள நடுத்தீர்ப்பு, எந்தத் தடங்கலுக்கும் தமிழிலும் முன்னறிவித்தல். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும், அடுத்த பணிப்பகிஷ்கரிப்பு அறிவிக்கப்படும் வரை காத்திருக்காமல்.