பூகம்பம் வந்தா பாதாள கிருமிக்கு விருந்து!

சேலையூர்: 2001-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி இரவு சென்னையே குலுங்கியது ஞாபகம் இருக்கா? புதுச்சேரி அருகே கடலுக்கு அடியில் ஏற்பட்ட பூகம்பம் அது.

பூமி ஆடும்போது ஆழத்தில் பாறை உடைகிறது. உடைந்த இடத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு உண்டாகும். வெயிலே படாத பாதாளத்தில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அதுதான் சாப்பாடு!

1967-ல் பூகம்பம் உலுக்கிய மராட்டிய மாநிலம் கொய்னாவில், பூகம்ப ஆராய்ச்சிக்காக ஆழ்துளை போட்டு பாறைகளை வெளியே எடுத்தார்கள். காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் சோதித்தபோது, 1 கிலோ மீட்டருக்கும் கீழே இருந்த பாறையிலும் நுண்ணுயிர்கள் இருப்பது தெரிந்தது.

அப்போ நம்ம போர் தண்ணிக்கு ஆபத்தா? பயம் வேண்டாம். வீட்டு போர் அவ்வளவு ஆழம் போகாது. அந்த தண்ணியை பெரும்பாலும் கெடுப்பது பக்கத்து செப்டிக் டேங்க் கசிவுதான். முதலில் அதைக் கவனிங்க!